காரி கொடுத்த கொல்லி

ஊரும் அரசும் – 17

சென்ற இதழில் கைரோனியாப் போர்க்களத்தில் நிறுத்தியிருந்தோம். கி.மு. 338. மாசிடோனிய மன்னன் பிலிப்பின் ஈட்டிப் படைக்கு முன்னால் ஏதென்ஸும் தீப்ஸும் தோற்றன. மூன்று ஆண்டு கழித்து அவன் மகன் அலெக்சாந்தர் தீப்ஸ் நகரைத் தரைமட்டமாக்கினான். பிழைத்த மக்களை அடிமைகளாக விற்றான். பிண்டார் என்ற புலவன் வாழ்ந்த வீட்டை மட்டும் இடிக்காமல் விட்டான் என்று சொல்வார்கள்.

வடக்கிலிருந்து வந்தவன் கெடுத்தான் என்று கதையை இங்கே முடித்துவிடலாம். ஆனால் பிலிப் வருமுன்பே அந்த ஊர்கள் ஒன்றையொன்று கடித்துத் தீர்த்திருந்தன. ஏதென்ஸை வீழ்த்த ஸ்பார்ட்டாவுக்குக் கப்பற்படை வேண்டியிருந்தது. துடுப்புத் தள்ளுவோருக்குக் கூலி கொடுத்தவன் பாரசீக இளவரசன் சைரஸ். இரண்டு தலைமுறைக்கு முன்னால் எந்தப் பாரசீகத்தை எதிர்த்து ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் தோள் சேர்த்து நின்றனவோ, அதே பாரசீகத்தின் பணம். கி.மு. 404-இல் ஏதென்ஸ் சரணடைந்தது. 371-இல் லியூக்ட்ராவில் ஸ்பார்ட்டாவைத் தீப்ஸ் அடித்தது. 362-இல் மான்டினியாவில் தீப்ஸ் வென்றது, ஆனால் வெற்றி தேடித்தந்த எபமினோண்டாஸ் களத்திலேயே செத்தான். அதன்பிறகு எந்த ஊருக்கும் தலைமை தாங்கத் தெம்பில்லை. பிலிப் வந்தது அந்த வெற்றிடத்துக்குள்.

இந்த வாரம் கடல் தாண்ட வேண்டியதில்லை. இதே கதை, வேறு பெயர்களோடு, நம் மலைகளுக்கு நடுவிலும் நடந்திருக்கிறது.

மேட்டுப்பாளையம் ஆற்றுப் பாலத்தில் நின்று பார்த்தால் பாதி விளங்கிவிடும். நெல்லித்துறைப் பக்கம் மலையை விட்டு இறங்கும் பவானி இங்கே சமவெளியைத் தொட்டு, சிறுமுகை வழியாகக் கிழக்கே போகிறது. வடக்கிலும் மேற்கிலும் நீலகிரி சுவர் போல நிற்கிறது. தெற்கே போனால் பாலக்காட்டுக் கணவாய், அதற்கப்பால் ஆனைமலை. கிழக்கே காவிரி, அதைத் தாண்டினால் கொல்லிமலை, சேர்வராயன், கல்வராயன். மலை, நடுவில் ஒரு துண்டுச் சமவெளி, ஓர் ஆறு, மறுபடி மலை. கிரேக்க நாட்டின் அமைப்பும் ஏறக்குறைய இதுதான். இப்படிப்பட்ட நிலத்தில் ஒரே பேரரசு எளிதில் முளைக்காது. ஒவ்வொரு மலைக்கும் ஒரு தலைவன், ஒவ்வொரு கணவாய்க்கும் ஒரு காவல்காரன் என்றுதான் ஆகும்.

சங்கப் பாட்டில் வரும் வேளிரும் குறுநில மன்னரும் அப்படி ஆனவர்கள். பறம்பில் பாரி. கொல்லியில் ஓரி. கோவலூரில் காரி. தகடூரில் அதியமான். பழனி மலைப்பக்கம் பேகன். பொதியிலில் ஆய். தோட்டி மலையில் நள்ளி. உடுமலைப் பக்கத்துக் குதிரைமலையோடு சேர்த்துச் சொல்லப்படும் குமணன். பள்ளிப் பாடத்தில் இவர்களைக் கடையெழு வள்ளல்கள் என்றும், குமணனைத் தனியாகவும் படித்திருப்போம். முல்லைக்குத் தேர், மயிலுக்குப் போர்வை, கிழவிக்கு நெல்லிக்கனி. கொடை மட்டுமே நினைவில் தங்க, இவர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட கதை பாடத்தில் விடுபட்டுப்போயிற்று.

நள்ளியின் தோட்டி மலையை நீலகிரிப் பக்கம் வைத்துப் பேசுவோர் உண்டு. அது சரியென்றால் மேட்டுப்பாளையத்துக்காரர்களுக்கு அவன் அண்டை வீட்டுக்காரன். வன்பரணர் என்ற புலவர் பசியோடு காட்டில் களைத்துக் கிடந்தபோது, ஒரு வேட்டுவன் வந்து, தானே தீ மூட்டி இறைச்சி சுட்டுக் கொடுத்தானாம். போகும்போது மார்பில் கிடந்த அணியையும் கைக்கடகத்தையும் கழற்றித் தந்தானாம். ஊர் கேட்டார், சொல்லவில்லை. பேர் கேட்டார், அதுவும் சொல்லவில்லை. வழியில் பிறர் சொல்லித்தான் அவன் நள்ளி என்று தெரிந்தது. புறநானூற்றில் இருக்கும் இந்தக் காட்சியை நான் பெரிதும் விரும்புகிறேன். ஆனால் நம் கதைக்கு வேண்டியவர்கள் வேறு மூன்று பேர்.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. தகடூர் ஏதென்ஸ் இல்லை. இங்கே மலையடியில் கூடி வாக்களித்த குடிமக்கள் பேரவை கிடையாது; தலைவனை ஓட்டுப் போட்டு நாடு கடத்தும் வழக்கமும் கிடையாது. ஆட்சி குடிவழியில் வந்தது. ஒப்பிட வேண்டிய இடம் வேறு. சின்ன நிலம், ஒரே மொழி, ஒரே வழக்கம், ஓயாத போட்டி. அப்புறம் புலவர்கள். பிண்டார் தீப்ஸில் பிறந்து சிசிலித் தீவின் சைரகூஸ் மன்னனையும் பாடிப் பரிசு வாங்கினான். கபிலர் பாரியையும் பாடினார், காரியையும் பாடினார், சேரன் செல்வக்கடுங்கோ வாழியாதனையும் பாடினார். எல்லைகள் வாளுக்குத்தான் இருந்தன; யாழுக்கு இல்லை. பகையூர்ச் செய்தி இந்த ஊருக்குப் பாட்டாக வந்து சேரும். நாம் இன்று இந்த வரலாற்றைச் சொல்ல முடிவதும் அதனால்தான்.

சரி, எதற்காகச் சண்டை?

மாடு பிடிச் சண்டை என்றும் வீரம் காட்டும் சண்டை என்றும் பாட்டுகள் சொல்லும். மண்ணைத் தோண்டினால் வேறொன்றும் தெரிகிறது. நொய்யல் கரையில், இன்றைய ஈரோடு மாவட்டத்தில், கொடுமணல் இருக்கிறது. 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தாரும் பின்னால் பிறரும் அங்கே அகழ்ந்தார்கள். இரும்பு உருக்கிய உலைகள், கல்மணி செய்த பட்டறைகள், முடிந்ததும் முடியாததுமான மணிகள், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. ஓடுகளில் வடபுலப் பெயர்களும் உண்டு. பக்கத்தில் படியூரில் பச்சைக்கல்; சிவன்மலைப் பக்கம் நீலக்கல். பதிற்றுப்பத்தில் இந்த ஊர் கொடுமணம் என்ற பெயரில் அணிகலனுக்குப் பேர்போனதாக வருகிறது.

இந்தக் கல்லையும் மேற்கு மலை மிளகையும் ரோமாபுரி வாங்கியது. சரக்கு போன பாதை, மேற்குக் கடற்கரையின் முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைந்து, கோவைச் சமவெளியைக் கடந்து, கரூரைத் தொட்டுக் கிழக்குக் கடற்கரைக்குப் போகும் பாதை. அதன் வழிநெடுக ரோமானியக் காசு கிடைக்கிறது. கோவைக்குப் பக்கத்து வெள்ளலூரில் 1842-இல் அகப்பட்ட புதையலில் மட்டும் 500-க்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள். பெரும்பாலும் அகஸ்டஸ், திபேரியஸ் பேரரசர்களின் தலை பொறித்தவை. தமிழ்நாட்டில் ரோமானியக் காசு மிகுதியாகக் கிடைக்கும் பகுதி கொங்குதான்.

பாதையின் நடுவே உட்கார்ந்திருந்தவர்கள் கரூரை ஆண்ட சேரர் கிளையினர். பெயரோடு இரும்பொறை என்று சேர்த்துக்கொண்டவர்கள். அமராவதி ஆற்றுக் கரூர்தான் சேரர் தலைநகரான வஞ்சியா, அல்லது அது மேற்குக் கரையில் இருந்ததா என்ற பழைய வழக்கு இன்னும் முழுக்கத் தீரவில்லை. என் சாய்வு கரூர்ப் பக்கம். அமராவதி மணலில் மாக்கோதை, குட்டுவன் கோதை என்று பெயர் பொறித்த சேரர் காசுகள் வருகின்றன. அருகில் புகழூர் ஆறுநாட்டார் மலையில் கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ என்று மூன்று தலைமுறை கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. சமண முனிவருக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்த செய்தி அது. இவ்வளவு சான்று ஓரிடத்தில் குவிந்தால், அங்கே ஓர் அரசு இல்லை என்று வாதிடுவது கடினம்.

ஆனால் கரூரின் கை எட்டாத கதவுகள் மூன்று. வடகிழக்கே காவிரிக்கு அப்பால் கொல்லி, அது ஓரியிடம். வடக்கே மைசூர் மேட்டு நிலத்துக்கு ஏறும் வழியில் தகடூர், அது அதியமானிடம். இன்றைய தருமபுரி. கிழக்கே பெண்ணையாற்றங்கரையில் தொண்டை நாட்டுக்கும் சோழ நாட்டுக்கும் பிரியும் இடத்தில் கோவலூர், அது காரியிடம். இன்றைய திருக்கோவிலூர்.

ஓரியின் பெயர் வல்வில் ஓரி. ஒரே அம்பு யானையைத் துளைத்து, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் துளைத்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் தைத்து நின்றது என்று வன்பரணர் பாடியிருக்கிறார். கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பார். பரிசில் வாங்கியவர் கணக்குப் பார்ப்பாரா? காரியின் குதிரைக்குக் காரி என்றே பேர். ஓரியின் குதிரைக்கு ஓரி என்று பேர். இருவரும் மோதியதைச் சிறுபாணாற்றுப்படை குதிரைப் பேரையும் ஆள்பேரையும் பின்னிச் சொல்கிறது.

இந்த மூவரில் காரிதான் விளங்கிக்கொள்ள வேண்டிய ஆள். மலையமான் திருமுடிக்காரி. கபிலர் இவனைப் பாடும்போது ஒரு விசித்திரமான புகழ்ச்சியைச் சொல்கிறார். உன் நிலத்தைக் கடலும் கொள்ளாது, பகைவரும் கொள்ள நினையார்; அது அந்தணருக்குக் கொடுத்தாயிற்று. மூவேந்தரில் ஒருவனோ இன்னொருவனோ துணைக்கு வா என்று அனுப்பும் செல்வம்தான் உன் சாப்பாடு. அதுவும் இரவலருக்குப் போய்விடும். உன் மனைவியின் தோள் தவிர உனக்கென்று ஒன்றுமில்லை என்பது பாட்டின் சாரம். கொடையைப் புகழ்கிற பாட்டுத்தான். ஆனாலும் அதற்குள் காரியின் தொழில் வெளிவந்துவிடுகிறது. அவன் கூலிப்படைத் தலைவன். சேரனுக்கும் சோழன் பெருநற்கிள்ளிக்கும் நடந்த ஒரு போரில் மலையமான் சோழன் பக்கம் நின்றான். காரி என்றே பலரும் கொள்வர். வென்ற சோழன் இவனால் வென்றோம் என்றான். தோற்ற சேரன் இவன் மட்டும் வராதிருந்தால் நாம் வென்றிருப்போம் என்றான். மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டியில் விற்பவனிடமும் வாங்குபவனிடமும் நல்ல பேர் வாங்கும் தரகர்களைப் போல, காரிக்கு இரண்டு பக்கமும் மதிப்பு. மண்டித் தரகருக்கு ஆபத்தில்லை. அரசியல் தரகருக்கு உண்டு.

அதியமான் நெடுமான் அஞ்சி அப்படிப்பட்டவன் இல்லை. அவன் ஊரை வளர்த்தவன். கரும்பை இந்தப் பக்கம் கொண்டுவந்தவர்கள் தன் முன்னோர் என்ற பெருமை அவனுக்கு உண்டு. ஔவையார் அதைப் பாடியிருக்கிறார். ஏழு பேர் ஒன்றாக எதிர்த்து வந்ததை வென்றான் என்றும் அவர் சொல்கிறார். அந்தக் குடியின் பேர் அசோகன் காலத்திலேயே வெளியே தெரிந்திருந்தது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில், தன் ஆட்சி எல்லைக்கு அப்பால் இருப்பவர்களாகச் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சத்தியபுத்திரர் என்று ஒரு பேரையும் அசோகன் பாறையில் வெட்டுவித்தான். அதே வரிசையில் யவன மன்னன் அந்தியோகஸ் வருகிறான். வேறொரு பாறைச் சாசனத்தில் மாசிடோனியாவை ஆண்ட ஆன்டிகோனஸும் வருகிறான். கிரேக்க நகரங்களை நெடுநாள் பிடியில் வைத்திருந்த அந்த மாசிடோனியா. சத்தியபுத்திரர் யார் என்று வரலாற்றாசிரியர்கள் ஆளுக்கொரு பக்கம் தேடிக்கொண்டிருந்தார்கள். 1981-இல் ஜம்பைக் குன்றின் குகையில் ஒரு வரித் தமிழிக் கல்வெட்டு கிடைத்தது. சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பள்ளி என்று அதில் இருந்தது. தேடல் அதோடு முடிந்தது.

அந்தக் கல்வெட்டு இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். ஜம்பை தருமபுரியில் இல்லை. திருக்கோவிலூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதாவது காரியின் வீட்டு வாசலில். தகடூர்க்காரன் வந்து அங்கே கொடை கொடுத்துப் பேரும் பொறித்துவிட்டுப் போயிருக்கிறான். அதியமான் கோவலூரை அழித்ததைப் பரணர் பாடினார் என்று ஔவையார் பாட்டில் ஒரு குறிப்பு உண்டு. பாட்டில் இருந்ததைப் பாறையும் ஒத்துக்கொண்டுவிட்டது.

ஔவையார் தொண்டைமானிடம் தூது போனதும் அதியமானுக்காகத்தான். காஞ்சியில் தொண்டைமான் தன் படைக்கொட்டிலைக் காட்டினான். எல்லா வேலும் நெய் பூசி, மயிற்பீலி சூட்டி, மாலை போட்டுப் பளபளவென்று இருந்தன. ஔவையார் பாராட்டுகிற குரலிலேயே சொன்னார்: எங்கள் அரசனுடைய வேல்களெல்லாம் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. ஓயாமல் போர் செய்பவன் என்று மிரட்டியாயிற்று. தூது என்ற வகையில் இதைவிடச் சிக்கனமான பேச்சைக் கிரேக்க வரலாற்றிலும் நான் படித்ததில்லை. ஆனால் ஒன்று யோசிக்க வேண்டும். எல்லா வேலும் பட்டறையில் கிடக்கிற அளவுக்குச் சண்டை போட்டுக்கொண்டே இருக்கும் ஊர் எத்தனை நாள் தாங்கும்?

இனி வருவதைப் பாட்டுகளைக் கோத்துத்தான் சொல்ல வேண்டும். பாட்டில் ஆண்டு இல்லை, கி.பி. முதலிரண்டு நூற்றாண்டுகளுக்குள் என்று வைத்துக்கொள்ளலாம். நிகழ்ச்சிகள் பாட்டில் உள்ளவை. அவற்றை இந்த வரிசையில் அடுக்குவது ஆய்வாளர்கள் செய்தது.

கோவலூரை இழந்த காரி கரூருக்குப் போனான். அங்கே ஆண்டவன் பெருஞ்சேரல் இரும்பொறை. புலவர் மோசிகீரனார் அசதியில் முரசுக்கட்டிலில் ஏறித் தூங்கிவிட, வாளால் வெட்ட வேண்டியவன் விசிறி எடுத்து வீசினானே, அந்தச் சேரன்தான். காரி இழந்ததைத் திரும்பப் பெற வேண்டும். சேரனுக்குக் கொல்லி வேண்டும். இருவருக்கும் கணக்கு ஒத்துப்போயிற்று. காரி படையோடு போய் ஓரியைக் கொன்றான்; கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான். கல்லாடனார் அகநானூற்றில் இதைக் கல்வெட்டு வாசகம் போலச் சொல்லிவிட்டுப் போகிறார். கபிலர் நற்றிணையில் வேறுவிதமாகச் சொல்கிறார்: ஓரியைக் கொன்றபின் அவன் ஊர்ப் பெருந்தெருவில் காரி நுழைந்தபோது எழுந்த கூச்சல். காதல் பாட்டில் ஊர் அலர் தூற்றுவதற்கு உவமையாக அது வருகிறது. காரியின் சோற்றைத் தின்ற கபிலர் அந்தத் தெருவின் ஓலத்தை மறக்கவில்லை என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

கொல்லி கைமாறியதைக் காசும் சொல்கிறது. கரூர்ப் பக்கம் கிடைத்த சேரர் காசுகளில் சிலவற்றில் அரசன் பேரோடு கொல்லி சேர்ந்தே பொறிக்கப்பட்டிருக்கிறது. ஒரு மலையைப் பிடித்ததைக் காசில் போட்டு ஊரெல்லாம் அனுப்புகிறார்கள் என்றால், அது அவர்களுக்கு எவ்வளவு பெரிய வெற்றி என்று புரிகிறது.

இப்போது சேரன் தகடூரின் எல்லைக்கே வந்துவிட்டான். அதியமானும் காரி செய்ததையே செய்தான். அவனும் வெளியில் போய்ப் பெரிய கையைப் பிடித்தான். சோழனும் பாண்டியனும் அவன் பக்கம் வந்தார்கள். பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்துக்குரிய பதிகம் இதைத் தெளிவாகச் சொல்கிறது: கொல்லிக் கூற்றத்தில் அதியமானையும் இரண்டு பெருவேந்தரையும் ஒருசேர வென்று, தகடூரை எறிந்தவன் பெருஞ்சேரல் இரும்பொறை. அதனால்தான் அவனுக்குத் தகடூர் எறிந்த என்ற அடைமொழி. கொல்லியில் தோற்றதும் பெருவேந்தர் இருவரும் தத்தம் நாடு திரும்பியிருப்பார்கள். அவர்களுக்குத் திரும்ப நாடு இருந்தது. தகடூருக்குப் பின்னால் மதில் மட்டும்தான் இருந்தது.

அந்த முற்றுகையைப் பற்றித் தகடூர் யாத்திரை என்று தனி நூலே இருந்தது. முழுநூல் போய்விட்டது. புறத்திரட்டிலும் நச்சினார்க்கினியர் உரையிலுமாகச் சில பாட்டுகள் மிஞ்சியிருக்கின்றன. கிரேக்கருக்கு டிராய் முற்றுகை எப்படியோ அப்படித் தமிழருக்கு ஒரு நூல் இருந்தது. நாம் அதைத் தொலைத்துவிட்டோம். இந்த இழப்பைப் பற்றி நாம் போதுமான அளவு வருத்தப்படவில்லை என்பது என் எண்ணம்.

தகடூர் விழுந்தது. எட்டாம் பத்தைப் பாடியவர் அரிசில் கிழார். பரிசாக ஒன்பது நூறாயிரம் காணமும் அரசுக் கட்டிலும் கொடுத்தான் சேரன். கட்டிலை மறுத்து, அமைச்சுப் பதவியை ஏற்றுக்கொண்டார் புலவர். வென்றவனின் அமைச்சர் ஆனவர் தோற்றவன் செத்ததற்கு என்ன பாடுவார்? புறநானூற்றில் அவர் பாட்டு இருக்கிறது. தகடூர்ப் போரில் விழுந்த அதியர் குடி எழினியைப் பாடியது. கன்றை மேயவிட்டுப் பயமில்லாமல் தூங்கலாம், வழிப்போக்கர் கண்ட இடத்தில் தங்கலாம், களத்தில் நெல் காவலின்றிக் கிடக்கும், அப்படி நாட்டை வைத்திருந்தவனைக் கொன்றாயே என்று கூற்றுவனைத் திட்டுகிறார். கெட்டுப்போன குடியானவன் விதைநெல்லைத் தின்றதுபோலச் செய்துவிட்டாய் என்கிறார். சேரனின் புலவர், அதியர் குடிக்காக அழுதது இது. அலெக்சாந்தர் பிண்டார் வீட்டை விட்டுவைத்ததைப் பெருந்தன்மை என்று எழுதுகிறார்கள். அரிசில் கிழார் செய்தது அதைவிடப் பெரியது என்பேன்.

அஞ்சிக்கு ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டுகளை இங்கே விவரிக்கப் போவதில்லை. படித்தவர்களுக்குத் தெரியும். அவன் மார்பில் தைத்த வேல் எத்தனை பேருடைய வாழ்வில் தைத்தது என்று அவர் கேட்பது இன்றும் வலிக்கும்.

காரியின் கூட்டணி காரியின் குடிக்கு என்ன கொடுத்தது? மலையமான் மக்கள் சிறுவர்களாக இருக்கும்போது சோழன் கிள்ளிவளவன் கையில் சிக்கினார்கள். யானைக் காலில் இட ஏற்பாடு நடந்தது. கோவூர் கிழார் குறுக்கே வந்து, புதிய இடத்தைப் பார்த்த மருட்சியில் அழுகையைக் கூட மறந்து யானையையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளைக் காட்டி மன்னனைத் தடுத்தார். அந்தப் பிள்ளைகளின் முன்னோன் சோழனுக்காகச் சண்டை போட்டிருக்கிறான் என்பது அங்கே பேச்சாகக்கூட வரவில்லை. அதே கிள்ளிவளவன் கரூரையும் முற்றுகையிட்டான். ஆற்றங்கரைக் காவல்மரங்களைக் கோடரி வெட்டும் ஓசை அரண்மனைக்குள் கேட்டும் சேரன் வெளியே வரவில்லை என்று ஆலத்தூர் கிழார் பாடினார்.

மற்ற ஊர்களின் கதையும் இதே தடத்தில்தான். ஆயர் தலைவன் கழுவுளின் காமூரைப் பதினான்கு வேளிர் சேர்ந்து அழித்தார்கள் என்று பரணர் சொல்கிறார். பதினான்கு வேளிர்! அந்தக் கூட்டு கூடியது பெருவேந்தருக்கு எதிராக இல்லை. தங்களைப் போன்ற ஒருவனை அழிக்கத்தான் கூடிற்று. பாரியின் பறம்பை மூவேந்தரும் சூழ்ந்தபோது எந்த வேளும் உதவிக்குப் போனதாகப் பாட்டில்லை. பாரி செத்தபின் அவன் பெண்களைக் கபிலர் விச்சிக்கோவிடம் அழைத்துப் போனார், அவன் ஏற்கவில்லை. வேளிர் குடியில் வந்த இருங்கோவேளிடம் அழைத்துப் போனார், அவனும் ஏற்கவில்லை. கபிலர் கோபத்தில் அவனைச் சபித்துவிட்டு வந்தார். நான் இருங்கோவேளை அவ்வளவு திட்டமாட்டேன். பறம்புக்கு நேர்ந்ததைப் பார்த்தவன் பயந்தான். ஆனால் பயத்தால் அவனும் பிழைக்கவில்லை. அந்த வேளிர்க் குடிகள் எல்லாம் பிற்காலத்தில் சோழனுக்கோ பாண்டியனுக்கோ பெண் கொடுக்கும், படை அனுப்பும் சிற்றரசர்களாகித் தேய்ந்தன.

கரூர்ச் சேரருக்கு அதன்பின் கொஞ்ச காலம் நல்ல காலம். பதிற்றுப்பத்தின் ஒன்பதாம் பத்து இளஞ்சேரல் இரும்பொறையைப் பாடுகையில் வானி ஆற்று நீரைவிட இனிய தன்மையன் என்கிறது. வானி நம் பவானி என்றே பெரும்பாலோர் கொள்கிறார்கள். மேட்டுப்பாளையத்து ஆறு சங்க இலக்கியத்தில் ஏறிய இடம் அது. எந்த ஊர் அழிந்த கதையும் அந்த வரியில் இல்லை. ஆனால் காசு போட்ட அந்த அரசும் பெருஞ்சேரல் இரும்பொறைக்குப் பின் நெடுநாள் நிலைக்கவில்லை. ரோம் வணிகம் சுருங்கியது. கொங்கில் ரோமானியக் காசின் வரத்தும் குறைந்துகொண்டே வந்தது. கொல்லியையும் தகடூரையும் பிடித்துப் பாதை முழுவதையும் கைக்குள் கொண்டுவந்த வேளை, பாதையில் போக வேண்டிய சரக்கே குறைந்துபோயிற்று. ஏதென்ஸை வென்ற ஸ்பார்ட்டா 33 ஆண்டில் லியூக்ட்ராவில் கவிழ்ந்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.

வியப்பு என்னவென்றால் தோற்ற தகடூர்க் குடி அதன்பிறகும் நீண்ட நாள் இருந்தது. அதியமான் என்ற பேர் எட்டாம் நூற்றாண்டில் நாமக்கல் குடைவரைக் கோயிலில் வருகிறது. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் விடுகாதழகிய பெருமாள் என்ற அதியன் திருமலையில் சமணப் படிமங்களைப் புதுப்பித்து, தன் முன்னோனாக எழினியைச் சொல்லிக்கொள்கிறான். தன் குடி சேரர் வழி என்றும் அந்தக் கல்வெட்டில் உரிமை கொண்டாடுகிறான். தருமபுரிப் பக்கம் அதியமான் பெருவழி என்று பொறித்த காதக் கற்களும் கிடைத்திருக்கின்றன.

அடுத்த இதழில் அதே அதியர், அதே தவறு, 600 ஆண்டு கழித்து. பாண்டியன் நெடுஞ்சடையன் காவிரியின் வடகரையில் தகடூர் அதியனைத் துரத்துகிறான். பல்லவனும் கேரளனும் அதியனுக்கு உதவிக்கு வந்து தோற்றுப் போகிறார்கள். வென்ற பாண்டியன் நம் பேரூரில் திருமாலுக்கு ஒரு கோயில் எடுக்கிறான். அதற்குள் திருக்கோவிலூர்ப் பக்கம் போகிறவர்கள் கோயில் பார்த்ததோடு திரும்பிவிடாமல் ஜம்பைக் குன்றுக்கும் ஒரு நடை போய்வாருங்கள். பாறையில் ஒரே ஒரு வரிதான். வெறும் கண்ணுக்கே எழுத்து தெரியும். தொடாமல் பாருங்கள், சுண்ணாம்பு, சாக்கட்டி எதுவும் தேய்க்காதீர்கள்.